கூம்பு ஒலிபெருக்கி

தொலைவிற் செல்லும் ஒருவனை அழைக்க விழைவோன் தன் இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கூவுதல் உலகியல்பு. அதனால் அவன் தொண்டையின் வன்மை மிகுந்துவிடுவதில்லை. ஆயினும் ஓசை நெடுந்தூரம் செல்கின்றது. இச்சிறு செயலே கூம்பு ஒலிபெருக்கிக்கு வித்தாகும். இதனை இல்லத்தில் வைத்து இசை கேட்பதால் விளையும் நன்மை தீமைகளை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

ஒலிபெருக்கியினுள் அதிர்தகடு ஒன்று மின்னோட்டத்திற்கேற்ப முன்னும் பின்னும் அசைகின்றது. தகடு கனமானது, காற்றோ மிக இலேசானது. ஆதலின் தகட்டின் முயற்சியிற் பெரும்பகுதி காற்றைப் பற்றாது வீணாகின்றது. கூம்பில்லாத சாதாரண ஒலிபெருக்கி, தான் பெறும் மின்னாற்றலில் நூற்றுக்கு 1 பங்களவே ஒலியாக மாற்றும். எஞ்சியது வெப்பமாய்க் கழியும். குறுகிய துளையிலிருந்து படிப்படியாக விரியும் கூம்பினைத் தகட்டின்முன் பொருத்தின், தகடு காற்றைச் செவ்வனே பற்றித் தள்ளும். நூற்றுக்கு 10 பங்கிற்கு மேலும் ஒலியாதல் கூடும்.

ஒலியை மிகுவிக்கும் மின்கருவிகள் சில வாட் ஆற்றலே தந்த அக்காலத்தில், பேசும் படக் கொட்டகைகட்குக் கூம்பு இன்றியமையாததாயிற்று. ஆனால் 1925-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் கூம்பு வேண்டாத ஒலிபெருக்கியை விளக்கி வெளியிட்டனர். சிறிய உருவமுடைய அதுவே பின்னர் இல்லங்களிற் பரவிற்று.

எனினும் கூம்பை நாடுவோர் இன்றும் உளர். அதற்குக் காரணம் யாதெனின், தகடு சிறிதே அசைந்து பேரொலி தருதலால் ஒலி திரிவது குறைவு. மிருதங்கத்தின் திடீர் முழக்கமும், அதனையடுத்த மெல்லொலியும் தத்தம் அளவு குன்றாது செவிக்கு எட்டும். ஒரு வாட் ஆற்றலே ஓர் அறையை நிறைக்கப் போதும்.

இனிக் குறைகளைக் காண்போம். முதலாவது உருவப் பெருமை. விநாடிக்கு 40 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8½ மீட்டர். கூம்பின் வாய்ச் சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவாதல் வேண்டும். அஃதாவது வாயின் குறுக்களவு 2½ மீட்டருக்கும் மிகும். அத்தகைய பூதத்தை எவ்வில்லம் தாங்கும்? அமெரிக்கராகிய பால் கிளிப்ஷ் என்பார் இதற்கோர் உபாயங் கண்டார். கூம்பை மடித்துப் பெட்டியில் அடக்கி, அறையின் மூலையில் நிறுத்தி, இரு சுவர்களையும் தரையையுமே கூம்பின் தொடர்ச்சியாக்கினார். 1946 முதல் விற்பனைக்கு வந்த அவரது ‘கிளிப்ஷார்ன்’ ஒலிபெருக்கி இன்றும் செய்யப்படுகின்றது. ஆயினும் அதற்கு இரண்டு நல்ல மூலைகள் வேண்டும்.

இரண்டாவது, கூம்பு போதிய அளவினதன்றாயின் ஒலியின் ஒரு பகுதி அதன் வாயிலிருந்து திரும்பி உள்ளே எதிரொலிக்கும். சில சுரங்கள் வீங்கும். கைகுவித்துப் பேசுவோன் குரல்போல இசை நிறம் மாறும். மூன்றாவது, உயர்ந்த சுரங்கள் நேர்முகமாகவே பாய்தலின், ஓரத்தில் அமர்ந்தோர்க்கு அவை மங்கிக் கேட்கும்.

தெருவிற் கட்டப்படும் கூம்புகளின் கூச்சலைக் கேட்டு இவ்வினம் முழுவதையும் வெறுத்தல் முறையன்று. அவை பேச்சு தொலைவில் எட்டுதற்கென்றே அமைந்தவை. தாழ்ந்த சுரங்களை அவை அறியா.

இன்று நூறு வாட் ஆற்றலும் எளிதிற் கிடைத்தலின், கூம்பு நமக்கு இன்றியமையாததன்று, விரும்பிக் கொள்வதேயாம். ஆதலின் திருமறையிற் கூறப்பட்ட கோபுரங் கட்டுவோனைப்போல முதலில் அமர்ந்து கணக்கிடுக. விசாலமான அறையும் பொருளும் உடையார் கூம்பால் இன்புறுவர். சிற்றறையில் வாழ்வோர் அளவிற் சிறிய நல்ல ஒலிபெருக்கியையே தேர்வாராக. கருவி பெரிதாதலினும் பாடுவோர் குரல் மெய்யாய் ஒலித்தலே சிறப்பு.