காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை

யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமம். அங்கே நாலு பரப்புக் காணி. தாய் சீதனமாகக் கொடுத்தது. வீடு இடிந்து அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கணவர் இறந்துவிட்டார். ஒருபுறம் மகளின் படிப்புச் செலவு, மறுபுறம் நுண்கடன் தவணை. தெரிந்த தரகர் ஒருவர் வருகிறார். "அக்கா, இந்தப் பக்கம் பரப்பு நாலு லட்சத்துக்கு மேலை ஒருத்தரும் தரமாட்டினம். ஓமெண்டு சொல்லுங்கோ, நாளைக்கே காசோட வாறன்" என்கிறார்.

மறுநாள் காலை நொத்தாரிசின் அலுவலகத்தில் அக்கா கையெழுத்து வைக்கிறார். 16 லட்சம் ரூபா கைக்கு வருகிறது. அன்று பின்னேரம் அதே காணி, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பரப்பு 9 லட்சம்படி 36 லட்சத்துக்குக் கைமாறுகிறது.

இது ஓர் உதாரணம்தான். தொகைகளும் விளக்கத்துக்காகச் சொன்னவை. ஆனால் இதைப் போன்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காலைக்கும் மாலைக்கும் இடையில் அந்தக் காணியில் ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. வேலி அடைக்கவில்லை, கிணறு இறைக்கவில்லை. அப்படியானால் 20 லட்சம் எங்கிருந்து வந்தது? வாங்க வந்தவர் எவ்வளவு தருவார் என்பது தரகருக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமையின் விலைதான் 20 லட்சம்.

எப்படி நடக்கிறது?

இது இரண்டு வழிகளில் நடக்கும். முதலாவது, இரண்டு உறுதி எழுதுவது. உங்களிடமிருந்து தரகர் பெயருக்கு ஒன்று, தரகரிடமிருந்து கடைசியாக வாங்குபவர் பெயருக்கு இன்னொன்று. ஆனால் ஒவ்வொரு உறுதிக்கும் முத்திரை வரி உண்டு. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்று கணக்கிட்டால், 16 லட்சம் ரூபா உறுதிக்கு 63,000 ரூபா வரும். இதைவிட நொத்தாரிசின் கட்டணம் வேறு.

இந்தச் செலவு பலருக்கு விருப்பமில்லை. ஆகவே இரண்டாவது வழி. உங்களுக்கு ஒரு சிறுதொகை முற்பணம் தந்து, விற்பனை உடன்படிக்கையிலும் அற்றோர்னித் தத்துவத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு வாங்குபவரைத் தேடிப் பிடித்து, உங்கள் சார்பில் தரகரே உறுதியை முடித்துக் கொடுப்பார். காணி உங்கள் பெயரிலிருந்து நேரே மற்றவர் பெயருக்குப் போகும். தரகரின் பெயர் உரிமையாளர் என்று எங்கும் வராது. உறுதியில் 36 லட்சம் என்று எழுதியிருக்கலாம். உங்கள் கைக்கு வந்தது 16 லட்சம். ஆனால் காகிதத்தின்படி 36 லட்சத்தையும் பெற்றவர் நீங்கள்தான்.

இது குற்றமா?

வாங்கிய காணியை அன்றைக்கே விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. வெளிப்படையாக விலை பேசி, தன் சொந்தக் காசைப் போட்டு வாங்கி, கூடிய விலைக்கு விற்பவர் வியாபாரி. அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

ஆனால் "நான் உங்களுக்கு விற்றுத் தருகிறேன், எனக்குக் கொமிசன் தாருங்கள்" என்று வந்தவரின் நிலை வேறு. அவர் உங்கள் முகவர். முகவர் தன்னை நம்பியவருக்குத் தெரியாமல் இடையில் இலாபம் எடுக்க முடியாது. கிடைத்த விலையை உள்ளபடி சொல்லிக் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர். அற்றோர்னித் தத்துவம் பெற்றவருக்கும் இதே கடமை உண்டு.

ஆகவே தரகர் வாசலுக்கு வந்தவுடன் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுதான்: "தம்பி, நீங்கள் வாங்குகிறீர்களா, அல்லது எனக்காக விற்றுத் தருகிறீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டும் கலந்த பதில் வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

ஏன் எங்கள் பெண்கள் அகப்படுகிறார்கள்?

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோதும், 2009 இல் போர் முடிந்த பின்னரும், வெளிநாட்டில் உள்ள எம்மவர்கள் காணி தேடி வரத் தொடங்கினார்கள். விலைகள் ஏறின. இடம்பெயர்ந்து முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த பெண்ணுக்கு ஊர் விலை தெரிய வழியில்லை. உறுதி தொலைந்தவர்கள் "இந்தக் காணி விலைபோகாது" என்று பயமுறுத்தப்பட்டார்கள். தனித்து வாழும் பெண்ணுக்கு அவசரத் தேவை இருக்கும், பக்கத்தில் நின்று விலை பேச ஆளிருக்காது. தரகருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் "இன்றைக்கே முடிப்பம்" என்கிறார்.

சட்டத்தில் உள்ள பிடிமானங்கள்

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் நடக்கவேண்டும். வாய்ப்பேச்சாலோ வெறும் கடதாசிக் கையெழுத்தாலோ காணி கைமாறாது. "சொல்லிப் போட்டியள், இனி மாறேலாது" என்று யாரும் மிரட்டினால் பயப்படவேண்டாம். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை. தன் முன்னால் எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்பதையும் அவர் உறுதியில் குறிப்பிடவேண்டும். அந்தத் தொகையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். காணாமற் போனவரின் கையெழுத்தை "நாங்கள் பார்த்துக் கொள்ளுறம்" என்று எவராவது சொன்னால், அது கள்ளக் கையெழுத்து. பிறகு வழக்கு உங்கள் தலையில்தான் விழும். பங்குக் காணி என்றால், பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்கும் முன்கொள்வனவு உரிமையும் தேசவழமையில் உண்டு. அவசர விற்பனைகளில் இந்த அறிவித்தல்தான் முதலில் விடுபட்டுப் போகிறது.

வன்னியில் பலரிடம் இருப்பது அரச அனுமதிப்பத்திரக் காணி. அதை உறுதிக் காணி போல நினைத்த மாதிரி விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்காமல் எதிலும் கையெழுத்து வைக்கவேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. எமது நாட்டில் நடைமுறையில் உள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, விற்ற நாளில் இருந்த உண்மைப் பெறுமதியின் அரைவாசியிலும் குறைவான விலைக்குக் காணியை விற்றவர், அந்த விற்பனையை நீக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். எமது உதாரணத்தில் 36 லட்சத்தின் அரைவாசி 18 லட்சம். அக்காவுக்குக் கிடைத்தது 16 லட்சம். அதே நாளில் நடந்த மறுவிற்பனையே பெறுமதிக்கு நல்ல சாட்சியாகும். ஆனால் பெறுமதியைத் தெரிந்துகொண்டே விற்றவருக்கு இந்தப் பரிகாரம் இல்லை. காணி ஒன்றும் அறியாத மூன்றாமவர் கைக்குப் போய்விட்டால் அதைத் திருப்பி எடுப்பதும் கடினம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். ஆகவே கையெழுத்துக்கு முன்னுள்ள ஒரு கிழமை, கையெழுத்துக்குப் பின்னுள்ள பத்து வருட வழக்கைவிடப் பெறுமதியானது.

கையெழுத்துக்கு முன்

• அயலில் அண்மையில் விற்ற மூன்று காணிகளின் விலையை விசாரியுங்கள். விற்றவரிடமும் கேளுங்கள், வாங்கியவரிடமும் கேளுங்கள். ஒரு தரகரின் சொல் விலையாகாது.

• கடைசியாக வாங்கப் போகிறவரை நேரில் அல்லது தொலைபேசியில் சந்திக்கக் கேளுங்கள். மறுத்தால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

• விற்பதற்கான அற்றோர்னித் தத்துவத்தைத் தரகருக்குக் கொடுக்கவேண்டாம். கொடுத்துவிட்டால், அதைப் பொதுவாக நொத்தாரிசு மூலம் ரத்துச் செய்யலாம். ரத்தையும் பதிவு செய்யுங்கள்.

• வெற்றுத்தாளிலோ, விலை எழுதாத பத்திரத்திலோ கையெழுத்தும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம். மூல உறுதியை "பார்த்துவிட்டுத் தாறன்" என்பவரிடம் கொடுக்காமல் பிரதியைக் கொடுங்கள்.

• தரகர் கூட்டிப்போகும் நொத்தாரிசிடம் மட்டும் போகாமல், நீங்களாக ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பணவசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

• காணியை விட்டுத் தூர இருப்பவர்கள் காணிப் பதிவகத்தில் 'கேவியற்' எனப்படும் எச்சரிக்கைப் பதிவு செய்யலாம். உங்கள் காணி பற்றி யாராவது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவிப்பு வரும்.

காணியை விற்பது தவறல்ல. பிள்ளையின் படிப்புக்காகவோ கடனை அடைக்கவோ விற்க வேண்டிய நிலை வரலாம். விற்றால் அதன் முழு விலையும் விற்றவளின் கைக்கு வரவேண்டும். செல்லுக்கும் இடம்பெயர்வுக்கும் தப்பிய காணி ஒரு நாள் அவசரத்தில் பாதி விலைக்குப் போகக்கூடாது. அடுத்த முறை "இன்றைக்கே முடிப்பம் அக்கா" என்று யாராவது வந்தால், தேத்தண்ணி கொடுத்து, "வாற கிழமை பார்ப்பம் தம்பி" என்று சொல்லி அனுப்புங்கள். நேர்மையாக வாங்க வந்தவர் அடுத்த கிழமையும் வருவார்.