லோகோவிலேயே நின்று போன செல்போன்: கருப்பு திரையில் கட்டளை போட்டு உயிர் கொடுப்பது எப்படி?

முசிறி:

முசிறி கைகாட்டி, பஸ் நிலையம் பக்கம் உள்ள செல்போன் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "அண்ணே, கம்பெனி பேரு வருது, அதோட நின்னுடுது" என்பதுதான். கீழே விழவில்லை, தண்ணீரிலும் நனையவில்லை. ராத்திரி அப்டேட் போட்டுவிட்டு படுத்தார், காலையில் போன் செத்துப்போச்சு.

இதில் பல போன்களில் பாகம் எதுவும் கெட்டிருக்காது. உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு சாப்ட்வேர்தான் குழம்பி இருக்கும். 2021-ம் ஆண்டு தொடக்கத்தில் ஷாவ்மி கம்பெனியின் எம்.ஐ. ஏ3 போன்களுக்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்தபோது, அதை போட்ட பலரது போன் அப்படியே உயிரை விட்டது. அப்டேட்டை நிறுத்திய கம்பெனி, வாரண்டி முடிந்திருந்தாலும் காசு வாங்காமல் சரி செய்து தருவதாக அறிவித்தது. ஆகவே அப்டேட்டுக்கு பிறகு போன் நின்றால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்பது நல்லது.

கடைக்காரர் செய்வது என்ன?

போனை கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைக்கிறார். கருப்பு திரையில் வரி வரியாக கட்டளை அடிக்கிறார். இதற்கான 'ஏ.டி.பி.', 'பாஸ்ட்பூட்' என்ற 2 கருவிகளை கூகுள் இலவசமாகவே தருகிறது. பல போன்களில் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் பாஸ்ட்பூட் திரை வரும். சாம்சங் போனுக்கு வழி வேறு, கருவியும் வேறு. சார்ஜ் மட்டும் ஏறும் மலிவு கேபிளில் இந்த வேலை நடக்காது.

பாஸ்ட்பூட்டில் புது சாப்ட்வேர் ஏற்ற பெரும்பாலும் 'பூட்லோடர்' என்ற பூட்டை திறக்க வேண்டும். திறந்த உடனே போனில் உள்ள போட்டோ, வீடியோ, நம்பர் எல்லாம் அழிந்துவிடும். திருடன் பூட்டை திறந்து உள்ளே பார்த்துவிடக் கூடாது என்றே இப்படி வைத்திருக்கிறார்கள். கடைக்காரரை திட்டி பிரயோஜனம் இல்லை. பூட்டை திறப்பதற்கான அனுமதியை போன் நன்றாக இருக்கும்போதே செட்டிங்சில் கொடுத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல்.

அழியாமல் வழி உண்டா?

சில போன்களில் உண்டு. 'ரெக்கவரி' திரைக்கு போய், ஏ.டி.பி. 'சைடுலோடு' மூலம் கம்பெனியின் முழு அப்டேட் பைலை ஏற்றினால், பூட்டை திறக்காமலே போன் எழுந்துவிடும். போட்டோக்களும் தப்பும். ஆனால் இருப்பதைவிட பழைய வெர்ஷனை இதில் ஏற்ற முடியாது. குழந்தையின் முதல் போட்டோவும், இறந்துபோன தகப்பனார் குரலும் அந்த போனில் மட்டும்தான் இருக்கிறது என்றால், "முதல்ல சைடுலோடு பாருங்க" என்று வாய் திறந்து கேட்டுவிட வேண்டும். அவசரக்காரர்கள் நேராக அழிப்பதற்கு போய்விடுகிறார்கள்.

ஒரே பெயரில் வரும் போனிலும் ரகம் உண்டு. ரகம் மாற்றி ஏற்றினால் நெட்வொர்க் போகலாம், போனே போகலாம்.

கூகுள் கணக்கு கேட்கும்

எல்லாம் அழித்த பிறகும் பழைய கூகுள் கணக்கை போன் கேட்கும். 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-ல் இருந்து வந்த திருட்டு தடுப்பு இது. பாஸ்வேர்டு மறந்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவோர், விற்பவரை எதிரிலேயே கணக்கை நீக்கச் சொல்ல வேண்டும். *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, 'கே.ஒய்.எம்.' என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியும் சோதிக்கலாம். அந்த எண்ணையே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கக் கூடாது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டப்படி அது 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.50 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

கடையில் கொடுக்கும் முன்பு சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கொள்ளுங்கள். போன் திரும்பி வந்ததும் கூகுள் பே, போன்பே போன்றவற்றை அதே சிம் போட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டும். பேங்க் பணம் பேங்கில்தான் இருக்கிறது, அது அழியாது.