கொழுந்தில் ஒளிந்த ஊசி
அடுப்படி வேதியியல் – 14

தன் தளிரைத் தின்ன வரும் பூச்சிக்காகத் தேயிலைச் செடி சேர்த்து வைக்கும் கசப்புதான் கஃபீன் என்று போன வாரம் பார்த்தோம். அது தலைவலி மாத்திரைக்குள் போகிற வழியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன், செவ்வாய்க்கிழமை இரவு என் அடுப்படியில் கண்டதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு கரண்டி டஸ்ட் டீ. அதன்மேல் பச்சைத் தண்ணீர் நிறைத்த கண்ணாடிக் கிண்ணம். அடுப்பு சிம்மில். முதலில் தூளிலிருந்த ஈரம் கண்ணாடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்தது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். இருபது நிமிடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் அடியில் பூனைமுடி போல வெள்ளை இழைகள். டார்ச் அடித்தேன், ஒவ்வொன்றும் மின்னுகிற ஊசி. கறுத்த தூளுக்குள் இவ்வளவு வெள்ளை இருந்திருக்கிறது!

பூஜைத் தட்டில் வைத்த கற்பூரம் உருகாமலே காற்றில் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். கஃபீனும் அந்த ஜாதி. உருகுவதற்கு 235 டிகிரி வேண்டும். 178 டிகிரியிலேயே ஆவியாகக் கிளம்பிவிடும். குளிர்ந்த இடம் கிடைத்தால் அப்படியே ஊசியாகப் படியும். காபி வறுக்கும் ஆலைகளின் புகைபோக்கிக்குள் இதே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். 1819-ல் ஜெர்மானியக் கவிஞர் கதே, ரூங்கே என்ற 25 வயது வேதியியல்காரர் கையில் கொஞ்சம் காபிக்கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னார். கஃபீன் முதலில் பிரிந்து வந்தது அதிலிருந்துதான். தேயிலையில் இருப்பது வேறு பொருள் என்று நினைத்து அதற்குத் 'தெயின்' என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 1838-ல் தெளிவானது.

இந்த ஊசி செடியில் எங்கே இருக்கிறது? மொட்டில் அதிகம், முதல் இலை, இரண்டாம் இலை, மூன்றாம் இலை என்று இறங்க இறங்கக் குறைகிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி இப்போது கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு மிஷினு எதுக்கு அண்ணாச்சி? வெரலே சொல்லிரும். கொழுந்துன்னா டக்குன்னு ஒடியும். முத்துனது ஒடியாது, நாரா இழுக்கும்" என்று, இல்லாத செடியைக் கிள்ளிக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் தோல் இன்னும் காய்த்திருந்தது.

அந்த மலையில் சிங்கம்பட்டி ஜமீனிடம் பாம்பே பர்மா கம்பெனி 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது 8,373 ஏக்கர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலையேறிய தலைமுறைகள் கிள்ளியது செடியில் கஃபீன் செறிந்த அந்த நுனியைத்தான். கிள்ளுகிற கூலியை உயர்த்தக் கேட்டு 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் வந்தபோது, போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் வேலையும் நின்றது. கிள்ளாமலும் கவ்வாத்து பண்ணாமலும் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும்.

மாத்திரைக்கு வருகிறேன். அதற்குப் போவது நல்ல தூள் அல்ல. தேயிலை ஆலையில் சலித்து ஒதுக்கும் நாரும் தூசியும். அது கலப்படமாகி நம் கிளாஸுக்குத் திரும்பி வரக் கூடாது என்பதற்காகவே, தேயிலை வாரியத்தின் லைசென்ஸ் இல்லாமல் யாரும் கழிவை வாங்கி விற்க முடியாதபடி 1959-லேயே ஆணை வந்துவிட்டது. கஃபீன் எடுக்கிறவர்கள் கழிவில் சுண்ணாம்பைச் சேர்க்கிறார்கள். கஃபீனைப் பிடித்து வைத்திருக்கும் துவர்ப்பைச் சுண்ணாம்பு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கஃபீன் விடுபடும். பச்சைத் தண்ணீரில் 100 மில்லிக்கு 2 கிராம்தான் கரைகிற இது, கொதிக்கிற தண்ணீரில் 66 கிராம் வரை கரையும். கொதிக்கவைத்து இறக்கி ஆறவிட்டால் தானாகவே பிரிந்து நிற்கும்.

பாரசிட்டமாலோடு 50, 65 மில்லிகிராம் கஃபீன் சேர்ந்தால் வலி ஏன் சீக்கிரம் அடங்குகிறது என்பதும், தேயிலையே இல்லாமல் யூரியாவிலிருந்து கஃபீன் செய்கிற விதமும் அடுத்த வாரம். கண்ணாடிக் கிண்ணத்தை இன்னும் கழுவவில்லை.