உள்ளூர்த் திட்டம்: கைநழுவ விடக்கூடாத நான்கு வாரங்கள்

சுங்கை என்றால் மலாயில் ஆறு. பெயரிலேயே ஆற்றைத் தாங்கிய சுங்கை வேயில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய திடலும் மரங்களும் நிலைக்குமா என்பதை முடிவு செய்யும் ஆவணமே உள்ளூர்த் திட்டம்.

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி இதைத் தயாரிப்பது ஊராட்சி மன்றம். இங்கு, 2006இல் மாநகரான பெட்டாலிங் ஜெயாவின் மாநகர் மன்றம். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிலுக்கு, எது திறந்தவெளிக்கு என்பதை வரைபடம் காட்டும். இயற்கை நில அமைப்பையும் மரங்களையும் காக்கும் பரிந்துரைகளும் அதில் அடங்கும்.

வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரங்கள் உண்டு. எழுத்து மூலம் ஆட்சேபித்தவர், விசாரணைக் குழுவிடம் நேரில் பேசவும் கோரலாம்.

உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது இச்சட்டத்தின் 21ஆவது பிரிவு. திட்டம் நடப்புக்கு வந்த பகுதிக்கு அந்த விதி பொருந்தாது. மக்களின் கருத்தை முன்பே கேட்டாகிவிட்டது என்பதே அதன் அடிப்படை.

ஆகவே, கோயில் நிலமும் விளையாட்டுத் திடலும் வரைபடத்தில் எந்தப் பயனுக்குக் குறிக்கப்பட்டுள்ளன என்பதை வட்டார மக்கள் அப்போதே பார்த்துவிட வேண்டும். மண்வாரி இயந்திரம் வந்தபின் எழுப்பும் கூச்சலைவிட, வரைவுக் காலத்தில் எழுதும் ஒரு கடிதத்திற்கு வலிமை அதிகம்.