சின்ன ஆம்ப் எப்படி வால்வு போல ஒலிக்கிறது?

1982இல் பிரான்ஸில் தொடங்கிய ‘ஃபெத் த லா மியூசிக்’ தெருவிசை விழா, ஜூன் 21ஐ ஒட்டிப் புதுச்சேரியிலும் நடக்கிறது. அங்கே கிதார் வாசிக்க, ஒரு கையில் தூக்கிப்போகும் மாடலிங் ஆம்ப் போதுமா? போதும் என்பேன். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பின் இறுதி வால்வுகள் சத்தத்தைக் கூட்டினால்தான் கரகரக்கும். அலையின் முகடு மெல்ல வளையும். சாதாரண டிரான்சிஸ்டரோ முகட்டைச் சட்டென வெட்டிவிடும், காது கூசும். மாடலிங் ஆம்பில் கிதாரின் மின் அலை வினாடிக்குப் பல்லாயிரம் எண்களாகிறது; ஒவ்வோர் எண்ணையும் சிப் அந்த வளைவின் கணக்குப்படி திருத்துகிறது. அதனால் பக்கத்து வீடு அதிராமலே அந்தக் கரகரப்பு கிடைக்கிறது.

‘இந்தச் சின்ன ஆம்பின் ஐந்து வாட் எம்மாத்திரம்?’ என்பார்கள். அதே ஸ்பீக்கரில் 50 வாட் பத்து மடங்கு சத்தமல்ல, காதுக்கு ஏறக்குறைய இரு மடங்குதான். சிறு ஸ்பீக்கரில் அடிநாதம் மெலிவது மட்டும் உண்மையான குறை. கடையில் இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வையுங்கள். இல்லையென்றால் சத்தம் கூடியதே நல்லதாகத் தோன்றும்.