குடும்பத்துக்கேற்ற கார்

வண்டி மாடு வாங்கச் சென்ற அந்நாளைய கமக்காரர் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், நடையைப் பார்த்தார். அத்துடன் அமையாது, பாரம் ஏற்றிய வண்டியிற் பூட்டி ஓட்டியும் பார்த்தார். வெறும் வண்டியை எந்த மாடும் இழுக்கும் என்பதை அவர் அறிவார். இன்று மாட்டு வண்டியின் இடத்தைக் கார் பிடித்துவிட்டது. ஆயினும் மாட்டுக்குச் செய்த சோதனையைக் காருக்குச் செய்யப் பலர் மறந்துவிடுகின்றனர். விற்பவர் அருகிலிருக்க, செப்பமான வீதியிலே பத்து நிமிடம் தனியே ஓட்டித் திரும்புவதே போதிய சோதனை என எண்ணிவிடுகின்றனர்.

இலங்கையிலே நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும்பொருள் செலவிடுவது காருக்கே எனலாம். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாந் திகதியே வழி மீண்டும் திறந்தது. வரியும் விலையும் உயர்ந்து நிற்கும் நாட்டில், பிழைபடத் தெரிந்த காரை மறு ஆண்டிலேயே மாற்றிக்கொள்ளல் எளிதன்று. அதனினும் மேலாக, பிள்ளைகளின் உயிரும் முதியோரின் உயிரும் நாள்தோறும் அந்தக் காரையே நம்பிச் செல்கின்றன. ஆகவே ஓட்டிப் பார்ப்பவர் தமக்கு அது பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது; குடும்பத்தின் பாரத்தை அது தாங்குமா என்று கேட்டல் வேண்டும்.

சோதனை வீட்டிலேயே தொடங்குகிறது. காரில் வழக்கமாகச் செல்வோர் எத்தனை பேர், அவர்களுடன் செல்லும் பொருள்கள் யாவை, செல்லும் பாதை எத்தகையது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் நன்று. நாள்தோறும் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் நகர நெரிசலில் ஊர்ந்து செல்பவருக்கு ஏற்ற கார், மாதந்தோறும் மலைநாட்டுக்கு ஏறுபவருக்கு ஏற்றதாய் இருக்குமென்று சொல்வதற்கில்லை. இத்தாளைக் கொண்டு இரண்டு அல்லது மூன்று கார்களைத் தெரிந்து, அவற்றை மட்டும் ஓட்டிப் பார்த்தல் போதும்.

காரை நகர்த்துமுன்பே அறியக்கூடியவை பல. ஓட்டுபவர் தமக்கேற்றபடி ஆசனத்தை அமைத்துக்கொண்டு, பின்பு இறங்கி அதன் நேர்ப்பின்னால் உள்ள ஆசனத்தில் அமர்ந்து பார்க்கட்டும். முழங்கால் இடிக்குமாயின், நெடும்பயணத்தில் அங்கே அமர்பவர் படும் பாடு விளங்கிவிடும். மூட்டு நோவுள்ள பாட்டியார் பிறர் கைகொடாமல் ஏறி இறங்க இயலுமா என்றும் பார்க்க வேண்டும். குழந்தை ஆசனம் உள்ள வீட்டார் அதனைக் கையோடு கொண்டு சென்று பொருத்திப் பார்த்தல் தகும். இக்காலத்து மூன்றுமுனை ஆசனப்பட்டியை 1959 இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அமைத்தார்; மற்றை நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்த வொல்வோ இடமளித்தது. பின் நடு ஆசனத்திலும் அத்தகைய பட்டி உண்டா என்பதைக் கண்ணாற் கண்டு உறுதி செய்தல் வேண்டும்.

அடுத்தது இயந்திரம். அதனைக் குளிர்ந்த நிலையிலேயே இயக்கிப் பார்த்தல் முறை. முன்னரே ஓடிச் சூடேறிய இயந்திரம் தன் குறைகளை மறைத்துவிடக்கூடும். பாவித்த காராயின் ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் வாசிக்க வேண்டும். 2319 என்றிருந்தால் அந்த ரயர் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாகும். தூரமானி சிறு தொகையைக் காட்ட, மிதிகட்டையின் இறப்பர் தேய்ந்திருக்குமாயின் ஐயுறுதல் அறிவுடைமை.

இனி வீதிக்கு வரலாம். வீட்டார் அனைவரும் ஏறியபின் ஓட்டுவதே மெய்யான சோதனை. ஐவர் ஏறியதும் காரின் அடிப்பாகம் தாழ்கிறது. அப்போது வேகத்தடையில் அடி உராய்கிறதா என்பது தெரியும். கண்டிப் பக்கத்தவர் கடுகண்ணாவை ஏற்றத்திலும், யாழ்ப்பாணத்தவர் நண்பகல் வெயிலில் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் ஓட்டிப் பார்க்கலாம். ஏற்றத்தில் இயந்திரம் திணறுகிறதா, குளிரூட்டி பின்னாசனம் வரை குளிர்ச்சி தருகிறதா, பின்னோக்கிச் செலுத்தும்போது சிறுபிள்ளை நின்றாற் கண்ணுக்குப் புலப்படுமா என்பன யாவும் நோக்கத்தக்கவை.

பிறேக்கினைத் தனியாகக் கவனித்தல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் முன்செல்கிறது. வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவே, ஆளரவமற்ற வீதியில், பின்னால் வாகனம் வராத வேளையில், கார் ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்கிறதா என்று பார்த்தல் அவசியம். ஓட்டிப் பார்க்கையில் விபத்து நேர்ந்தாற் காப்புறுதி யாருடையது என்பதைப் புறப்படுமுன் கேட்டுக்கொள்வதும் நன்று.

எனினும் ஓட்டிப் பார்த்து அறிய இயலாதனவும் உள. மோதலில் கார் எவ்வாறு காக்கும் என்பதை ஓட்டம் காட்டாது. அதற்கு, ஐரோப்பாவில் 1997 இல் தொடங்கிய புதிய கார் மதிப்பீட்டுத் திட்டம் போன்றவற்றின் மோதற் சோதனை முடிவுகளைப் பார்க்க வேண்டும். சோதனை விதிகள் காலந்தோறும் கடுமையாவதால், நட்சத்திரங்களின் எண்ணிக்கையோடு சோதனை நடந்த ஆண்டையும் நோக்குக. 1997 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோற்றா பிரியஸ் முதலாகப் பரவிய கலப்பின கார்களில், பெரிய பற்றறியின் நலத்தைத் தகுந்த கருவி கொண்டே அறியலாம். எனவே பாவித்த காரைச் சார்பற்ற மெக்கானிக் ஒருவரிடம் காட்டாது முற்பணம் கொடுத்தலாகாது.

இறுதியாக ஒப்பிடும் முறை. எல்லாக் கார்களையும் ஒரே பாதையில், ஒரே வேளையில், அதே ஆட்களோடு ஓட்டினாலன்றி ஒப்பீடு நேர்மையாகாது. கடைசியாக ஓட்டியதே மனத்தில் ஓங்கி நிற்குமாதலால், ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கியவுடன் கண்ட குறைநிறைகளை எழுதி வைத்தல் வேண்டும். பின்னாசனத்தில் இருந்தோரின் சொல்லும் அத்தாளில் ஏறட்டும். எரிபொருள், காப்புறுதி, ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம், உதிரிப்பாகம் ஆகியவற்றின் செலவையும் கூட்டிப் பார்த்து, ஓர் இரவு கழித்தே முடிவு செய்க. இன்று விட்டால் நாளை கிடையாது என்று விற்பவர் அவசரப்படுத்தலாம். ஆயினும் ஓர் இரவு பொறுத்ததனால் இழக்கும் காரைவிட, பொறாது வாங்கிய காரே குடும்பத்துக்குப் பெருநட்டம் தருவது.