கண்துயில் மறுத்தலும் அசைவுமானியும்

துயிலாமையைப் புறத்தே நின்று அறிதல் கூடுமோ என்னும் வினா மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கண்துயில் மறுத்தலையும் மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். மெய்ப்பாடாவது உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் பிறர்க்குப் புலனாதல். துயிலாமை அங்ஙனம் புலனாவது எவ்வாறு? இக்காலக் கருவியொன்று இதற்குத் தரும் விடையைப் பழம்பாட்டோடு வைத்து ஈண்டு நோக்குவாம்.

தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையலை, விழியசைவு, தசையிறுக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்வதே உறக்கத்தை அளக்கும் முழுமுறை. அயலிடத்திற் கம்பிகள் சூழக் கிடப்பார்க்கு இயல்பான துயில் எளிதில் வாராது. ஆக்டிகிராபி என்னும் முறையில் இத்தொல்லை இல்லை. கைக்கடிகாரம் போன்றதொரு கருவியைப் பெரும்பாலும் இடது மணிக்கட்டில் பல இரவுகள் அணிந்து, தம் வீட்டிலேயே உறங்கலாம். அதனுள் உள்ள முடுக்கமானி அசைவை உணரும். மிக்க அசைவு விழிப்பெனவும் அசைவின்மை உறக்கமெனவும் வகுக்கப்படும். 1992இல் கோல், கிரிப்கி முதலியோர் வெளியிட்ட கணக்கு, ஒரு நிமிடத்தைத் தனித்து நோக்காது, முன்னும் பின்னும் உள்ள நிமிடங்களோடு சேர்த்தே முடிவு கூறும். வையைக் கரைக் கோச்சடையில் இன்று ஸ்மார்ட் கடிகாரம் கட்டி உறங்குவார் காலையிற் காணும் கணக்கும் பெரிதும் இவ்வழிப்பட்டதே. நாடித்துடிப்பும் அதனோடு சேர்த்தெண்ணப்படும்.

உறங்குவானை உறங்குகின்றான் என்பதில் இக்கருவி பெரும்பாலும் பிழையாது. விழித்தும் அசையாது கிடப்பானையும் உறங்குகின்றான் என்றுவிடும் என்பதே இடர். துயிலாமை நோயுற்றார் பலர் அங்ஙனம் கிடப்பவர் ஆதலின், குறை சிறிதன்று.

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனாரின் நெடுநல்வாடையில் ஒரே இரவில் இருவர் துயிலார். வேலில் வேம்பு சூட்டப்பெற்றமையால் தலைவன் பாண்டியன் என்பர். அவன் நள்ளிரவில், இடக்கையால் நழுவும் மேலாடையைத் தழுவி, மற்றொரு கையை வீரனொருவன் தோளில் வைத்துப் புண்பட்டாரைக் கண்டு பாசறையில் உலவுகின்றான். நடை அசைவாதலின் அவன் விழிப்பைக் கருவி தவறாது குறிக்கும். அரசியோ மருப்புக் கட்டிலிற் கிடக்கின்றாள். செவிலியர் தேற்றவும் தேறாது, மேற்கட்டியில் எழுதிய திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். கடைக்கண் நீரை விரலால் தெறிக்கின்றாள். (எக்கை விரல் என்று புலவர் கூறினாரல்லர்.) கருவி கட்டாத கையாயின், அவ்விரவின் பெரும்பகுதி உறக்கமென்றே பதிவாகும். துன்பம் மிக்கவளையே கருவி காணாது விடுகின்றது!

முல்லைப்பாட்டின் மன்னனும் இவ்வாறே. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, ஒரு கையைத் தலையொடு சேர்த்து நெடிது நினைந்திருப்பான் அசைவதில்லை.

மெத்தையின் கீழ் வைத்து மூச்சையும் இதயத் துடிப்பையும் உணரும் கருவிகள் இக்குறையை ஓரளவு தணிக்கும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை, துயிலாமையுடையார் உறக்கத்தை மதிப்பிட அசைவுப் பதிவைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆயினும் நோயைத் துணிதற்கு நோயாளர் கூற்றே அடிப்படை. வாரம் மூன்று இரவாவது மூன்று திங்கள் நீடித்த இடர்ப்பாட்டை அவர் கூறல் வேண்டும் என்பது 2013இல் வெளிவந்த உளநோய் வகைநூலின் வரையறை. இதனாலேயே மருத்துவர் உறக்கக் குறிப்பேட்டையும் உடன் எழுதச் செய்வர். கடிகாரம் உறங்கினாய் என்கின்றது, ஆதலின் நோயில்லை என வீட்டார் முடிவு செய்தல் பொருந்தாது.

குறுந்தொகை ஆறாம் பாட்டில், ஊரும் உலகும் துயில யான் ஒருத்தியே துயிலேன் என்பதுபடப் பதுமனார் தலைவியைப் பேச வைக்கின்றார். நான்கடிப் பாட்டில் அவள் புரண்டதாகவோ எழுந்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை.